கார்லோஃபோர்த்தே

கார்லோஃபோர்த்தே, இத்தாலியின் சார்தீனியா தீவுக்குத் தென்மேற்கே உள்ள சான் பியேத்ரோ என்னும் சிறு தீவின் ஒரே நகரம். ஏறத்தாழ 6,000 பேர் வாழ்கின்றனர். சார்தீனியாவின் ஆட்சிப் பகுதிக்குள் இருந்தாலும் இங்குள்ள மக்களின் தாய்மொழி சார்தீனிய மொழியன்று. வட இத்தாலியின் ஜெனோவா கடற்கரையில் பேசப்படும் லிகூரிய மொழியின் ஒரு கிளையை அவர்கள் பேசுகின்றனர். அதன் பெயர் தபார்க்கினோ. அப்பெயர் ஜெனோவாவிலிருந்தும் வரவில்லை, சார்தீனியாவிலிருந்தும் வரவில்லை. ஆப்பிரிக்கக் கரையில் துனிசியாவை ஒட்டியுள்ள தபார்க்கா என்ற தீவிலிருந்து வந்தது. ஐரோப்பாவிலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போய், இரண்டு நூற்றாண்டுகள் அங்கே வாழ்ந்து, மீண்டும் கடல் தாண்டி வந்த ஒரு மக்கள் கூட்டம் 1738-இல் இந்நகரத்தை நிறுவியது. அறுபது ஆண்டுகள் கழித்து அவர்களில் பெரும் பகுதியினர் அடிமைகளாகப் பிடிக்கப்பட்டு மறுபடியும் அதே ஆப்பிரிக்கக் கரைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். இந்நகரத்தின் மொழி, உணவு, வழிபாடு மூன்றிலும் இந்தப் பயணங்களின் தடம் இன்றும் இருக்கிறது.

நிலமும் கடலும்

சான் பியேத்ரோ தீவின் பரப்பு சுமார் 51 சதுர கிலோமீட்டர். பரப்பளவில் இத்தாலியின் தீவுகளுள் ஆறாவது பெரியது. சார்தீனியாவின் போர்த்தோவெஸ்மே துறைமுகத்திலிருந்தும், அண்டைத் தீவான சாந்த்-அந்தியோகோவின் கலசெத்தா என்ற ஊரிலிருந்தும் படகுப் போக்குவரத்து உண்டு. பயணம் ஒரு மணி நேரத்துக்கும் குறைவுதான். ஆனால் வடமேற்கிலிருந்து மிஸ்திரால் காற்று பலமாக வீசும் நாட்களில் அந்தச் சிறு தூரமே பெரிய இடைவெளியாகிவிடும்.

தீவு முழுவதும் எரிமலைப் பாறையால் ஆனது. நிலவியலில் கொமெந்தைட் என்று அழைக்கப்படும் பாறை வகை, இத்தீவில் உள்ள லே கொமெந்தே என்ற இடத்தின் பெயரால் அறியப்படுகிறது. தெற்குக் கரையில் கடலுக்குள் நிமிர்ந்து நிற்கும் பாறைத் தூண் தீவின் அடையாளமாகப் படங்களில் இடம்பெறுகிறது. மேற்குக் கரையில் செங்குத்தான பாறைச் சுவர்களும், காப்போ சாந்தலோ முனையில் 1864 முதல் இயங்கும் கலங்கரை விளக்கமும் உள்ளன. தீவின் மிக உயரமான இடம் 211 மீட்டர் உயரமுள்ள ஒரு குன்று. அதன் பெயர் குவார்தியா தெய் மோரி. வட ஆப்பிரிக்க முஸ்லிம்களை அக்கால ஐரோப்பியர் 'மூர்கள்' என்று அழைத்தனர். அவர்களின் கப்பல்கள் வருகின்றனவா என்று கடலைக் கண்காணித்த இடம் என்பது அப்பெயரின் பொருள்.

நகரம் கிழக்குக் கரையில், சார்தீனியாவைப் பார்த்தவாறு காற்றுக்கு மறைவான இடத்தில் அமைந்துள்ளது. அதற்குத் தெற்கே பழைய உப்பளங்கள் இருக்கின்றன. உப்பு எடுப்பது நின்றுபோனபின் பூநாரைகளும் பிற நீர்ப்பறவைகளும் அங்கே தங்குகின்றன. உள்நாட்டில் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே, கோடையில் குடும்பங்கள் தங்கும் வெள்ளையடித்த சிறு வீடுகளைக் காணலாம்.

வல்லூறுகளின் தீவு

ஃபினீசியர் இத்தீவை எனோசிம் என்று அழைத்தனர். அப்பெயர் சார்தீனியாவில் கிடைத்த ஒரு பியூனிக் கல்வெட்டில் இடம்பெற்றுள்ளது. கிரேக்கர் ஹியராக்கோன் நேசோஸ் என்றும், ரோமானியர் அக்கிப்பித்ரும் இன்சுலா என்றும் குறிப்பிட்டனர். மூன்று மொழிகளிலும் பொருள் ஒன்றே: வல்லூறுகளின் தீவு.

அப்பெயர் இன்றும் பொருந்துகிறது. மேற்குக் கரைப் பாறைகளில் எலியொனோரா வல்லூறு என்னும் பறவை ஆண்டுதோறும் கூடு கட்டுகிறது. பதினான்காம் நூற்றாண்டில் சார்தீனியாவின் அர்போரேயா பகுதியை ஆண்ட எலியொனோரா அரசியின் பெயர் இப்பறவைக்குச் சூட்டப்பட்டது. வேட்டைப் பறவைகளின் கூடுகளைக் காக்க அவர் சட்டம் செய்தார் என்பது மரபு. பிற பறவைகள் வசந்தத்தில் குஞ்சு பொரிக்க, இது கோடையின் முடிவில் பொரிக்கிறது. இலையுதிர் காலத்தில் ஐரோப்பாவிலிருந்து ஆப்பிரிக்காவுக்குக் கடல் தாண்டிப் பறக்கும் சிறு பறவைகளைப் பிடித்துக் குஞ்சுகளுக்கு ஊட்டுவதற்கு அதுவே ஏற்ற காலம். பிறகு வல்லூறுகளும் குளிர்காலத்தைக் கழிக்க மடகாஸ்கர் வரை பறந்து செல்கின்றன. இத்தாலியின் பறவைப் பாதுகாப்பு அமைப்பான லிப்பு இப்பகுதியைக் காப்பிடமாகப் பராமரிக்கிறது.

தீவின் இன்றைய பெயர் புனித பேதுருவைக் குறிக்கிறது. கி.பி. 46-இல் பேதுரு கடற்பயணத்தின்போது புயலில் சிக்கி இங்கே கரையேறினார் என்று ஒரு மரபுக் கதை கூறுகிறது. வரலாற்றுச் சான்று இல்லாவிட்டாலும் மீனவர்கள் அவரையே தங்கள் காவலராகக் கொண்டுள்ளனர். ஜூன் 29 அன்று அவர் சுரூபம் படகில் ஏற்றப்பட்டுக் கடலில் பவனியாக எடுத்துச் செல்லப்படுகிறது.

இடைக்காலத்தைச் சேர்ந்த ஒரு சோக நிகழ்வும் இத்தீவுடன் இணைத்துப் பேசப்படுகிறது. 1212-ஆம் ஆண்டின் 'குழந்தைகள் சிலுவைப் போர்' என்னும் எழுச்சியில் மார்சேயிலிருந்து புறப்பட்ட கப்பல்களுள் இரண்டு சான் பியேத்ரோ அருகே உடைந்தன என்று பதின்மூன்றாம் நூற்றாண்டு வரலாற்றுக் குறிப்பாளர் அல்பெரிக் எழுதினார். இறந்தவர்களின் நினைவாகப் பாப்பரசர் ஒன்பதாம் கிரகோரி ஒரு கோவில் எழுப்பச் செய்தார் என்றும் அக்குறிப்பு சொல்கிறது. அந்த எழுச்சியில் சென்றவர்கள் உண்மையில் குழந்தைகள்தானா என்று இன்றைய வரலாற்றாசிரியர்கள் ஐயுறுகின்றனர். எனினும் 'புதிய மாசில்லாக் குழந்தைகள்' என்ற பெயரில் ஒரு சிறு கோவில் நகரில் இன்றும் உள்ளது. அதன்பின் தீவு நெடுங்காலம் நிலையான குடியிருப்பு இன்றிக் கிடந்தது. கடற்கொள்ளைக் கப்பல்கள் தண்ணீர் எடுக்கவும் ஒதுங்கவும் மட்டுமே அதைப் பயன்படுத்தின.

தபார்க்கா: பவளத்தைத் தேடிய குடியேற்றம்

கார்லோஃபோர்த்தேயின் கதை அந்நகரம் தோன்றுவதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே தொடங்குகிறது. 1540-களில் ஜெனோவாவின் வணிகப் பிரபுக்களான லொமெல்லினி குடும்பத்தார், துனிசியாவின் வடகரையை ஒட்டிய தபார்க்கா தீவில் பவளம் எடுக்கும் உரிமையைப் பெற்றனர். ஸ்பெயின் பேரரசர் ஐந்தாம் சார்லஸின் ஆதரவு அவர்களுக்கு இருந்தது. 1540-இல் ஜெனோவியரிடம் சிறைப்பட்ட துர்குத் ரெய்ஸ் என்ற புகழ்பெற்ற கடற்படைத் தலைவனை விடுவித்ததற்கு ஈடாகத் தபார்க்கா கிடைத்தது என்று ஒரு கதையும் வழங்குகிறது.

ஜெனோவாவுக்கு மேற்கே உள்ள பெல்யி என்ற கடலோர ஊரிலிருந்து மீனவக் குடும்பங்கள் அங்கே குடியேற்றப்பட்டன. மத்தியதரைக் கடலின் செம்பவளம் அக்காலத்தில் உலகெங்கும் விலைபோன பொருள். தென்னிந்தியாவுக்கும் அது பழைய சரக்கே, கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த 'எரித்திரையக் கடலின் பெரிப்ளூஸ்' முசிறித் துறைமுகத்தில் இறங்கிய பொருள்களுள் பவளத்தையும் குறிப்பிடுகிறது. தபார்க்காவின் மீனவர்கள் எடுத்த பவளம் ஜெனோவா சென்று அங்கிருந்து பல நாடுகளுக்குப் போனது.

ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகள் இம்மக்கள் ஜெனோவிய மொழி பேசிக்கொண்டு, அரபு மொழி சூழ்ந்த கரையில், கத்தோலிக்கராகவே வாழ்ந்தனர். துனிசியர்களுடன் வணிகமும் பழக்கமும் இருந்தன. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலைமை மாறியது. பவளப் படுகைகள் வற்றின. சிறு தீவில் மக்கள் தொகை பெருகிவிட்டது. தூனிஸ் ஆட்சியாளர்களுடனான உறவு கசந்தது. அருகில் வணிகத் தளம் வைத்திருந்த பிரான்சும் தபார்க்கா மீது கண் வைத்திருந்தது.

1738: புதிய ஊர்

1720-இல் சார்தீனியா சவோய் அரச குடும்பத்தின் கைக்கு வந்தது. அதன் கரையோரத்தில் பெரும் பகுதி ஆளில்லாமல் கிடந்தது. ஆளில்லாக் கரை கொள்ளையருக்கு வாசல் என்பதால் புதிய குடிகளைக் கொண்டுவர அரசு விரும்பியது. தபார்க்காவினரோ புதிய நிலம் தேடிக்கொண்டிருந்தனர். இரண்டு தேவைகளும் சேர்ந்தபோது உடன்பாடு எளிதாக ஏற்பட்டது. குடியேறுவோர் சார்பில் அகோஸ்தீனோ தாலியாஃபீகோ பேச்சுவார்த்தை நடத்தினார். 1738-இல் முதல் குடும்பங்கள் சான் பியேத்ரோவில் இறங்கின.

அரசர் மூன்றாம் கார்லோ எமானுவேலேயின் பெயரை ஒட்டி ஊருக்குக் கார்லோஃபோர்த்தே என்று பெயரிடப்பட்டது. பீட்மாண்ட் இராணுவப் பொறியாளர்கள் ஊரின் வரைபடத்தைத் தீட்டினர். குன்றின்மேல் கோட்டை, கீழே கரையோரமாக நேர்த் தெருக்கள் என்ற அமைப்பு அவர்களுடையது. ஆனால் மக்கள் அந்தக் குறுகிய சந்துகளை ஜெனோவாவில் சொல்வதுபோலவே 'கருஜ்ஜி' என்றனர். ஊரின் அரச பெயரையும் அவர்கள் அதிகம் பயன்படுத்தவில்லை. தபார்க்கினோ மொழியில் இந்நகரத்தின் பெயர் 'ஊ பாய்சே'. அதற்கு 'ஊர்' என்று மட்டுமே பொருள்.

தபார்க்காவிலேயே தங்கிவிட்டவர்களுக்கு நேர்ந்தது வேறு. லொமெல்லினிகள் தீவைப் பிரான்சுக்கு விற்கப்போகிறார்கள் என்ற ஐயத்தில் 1741-இல் தூனிஸ் ஆட்சியாளர் படை அனுப்பித் தபார்க்காவைக் கைப்பற்றினார். அங்கிருந்தோர் அடிமைகளாகத் தூனிஸுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களில் ஒரு பகுதியினரை மூன்றாம் கார்லோ எமானுவேலே மீட்டுக் கார்லோஃபோர்த்தேயில் சேர்த்தார். 1756-இல் அல்ஜியர்ஸ் படை தூனிஸைத் தாக்கியபோது எஞ்சியவர்களுள் பலர் அல்ஜியர்ஸ் கைக்கு மாறினர். அவர்களை 1760-களின் இறுதியில் ஸ்பெயின் அரசர் மூன்றாம் கார்லோஸ் மீட்டு, அலிகாந்தே நகருக்கு எதிரே உள்ள ஒரு சிறு தீவில் குடியமர்த்தினார். அத்தீவு அன்றிலிருந்து நுவேவா தபார்க்கா, அதாவது புதிய தபார்க்கா எனப்படுகிறது. 1770-இல் வேறொரு கூட்டம் கார்லோஃபோர்த்தேக்கு எதிர்க்கரையில் கலசெத்தா என்ற ஊரை நிறுவியது. இவ்வாறு ஒரு தீவின் மக்கள் மூன்று இடங்களில் சிதறினர்.

'சுதந்திரத் தீவு'

1780-களில் கார்லோஃபோர்த்தே மக்கள் தங்களைக் குடியமர்த்திய அரசருக்குத் துறைமுகத்தை ஒட்டிய சதுக்கத்தில் பளிங்குச் சிலை எழுப்பினர். 1793 ஜனவரியில் புரட்சிக்கால பிரான்சின் கடற்படை தீவைப் பிடித்தது. புரட்சியாளரான ஃபிலிப்போ புவொனார்ரோத்தி அங்கே வந்து குடியரசுக் கொள்கைகளைப் பரப்பினார். தீவுக்குச் 'சுதந்திரத் தீவு' என்று புதுப் பெயர் சூட்டப்பட்டது. மே மாதத்தில் ஸ்பெயின் கப்பற்படை வந்து பிரெஞ்சுக்காரரை வெளியேற்றியது.

பிரெஞ்சுப் படை அரசரின் சிலையை உடைத்துவிடும் என்று அஞ்சிய மக்கள் அதை மறைக்க முயன்றனர் என்றும், அப்போது சிலையின் கை உடைந்தது என்றும் ஊரில் சொல்வர். உடைந்த கையை யாரும் ஒட்டவைக்கவில்லை. சிலை இன்றும் அப்படியே நிற்கிறது. சுதந்திரத் தீவு என்று பெயர் பெற்ற ஐந்தே ஆண்டுகளில் இவ்வூர் மக்கள் சந்தித்த துயரத்தை எண்ணும்போது அந்தப் பெயர் கொடிய முரணாகத் தோன்றுகிறது.

1798: ஓர் இரவும் ஐந்து ஆண்டுகளும்

1798 செப்டம்பர் 2-க்கும் 3-க்கும் இடைப்பட்ட இரவில் துனிசியக் கப்பல்கள் தீவை நெருங்கின. அப்போது தூனிஸை ஆண்டவர் ஹம்மூதா பாஷா. ஊரைச் சுற்றி மதில் இல்லை. மக்கள் உறக்கத்தில் இருந்தனர். படையினர் வீடு வீடாகப் புகுந்தனர். எண்ணூறுக்கும் மேற்பட்ட ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் கப்பல்களில் ஏற்றப்பட்டு தூனிஸுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். மறைந்து தப்பியவர்கள் வெறிச்சோடிய ஊருக்குத் திரும்பினர்.

இத்தகைய தாக்குதல்கள் அக்காலக் கடலில் தனி நிகழ்வுகள் அல்ல. தூனிஸ், அல்ஜியர்ஸ், திரிப்போலி அரசுகளின் அனுமதியுடன் இயங்கிய கப்பல்கள் கிறித்தவக் கரைகளில் ஆள்பிடித்தன. மால்டா, லிவோர்னோ, ஜெனோவா ஆகிய துறைமுகங்களின் துடுப்புக் கப்பல்களிலும் பிடிபட்ட முஸ்லிம்கள் அடிமைகளாக இருந்தனர். பிடிக்கப்பட்டவரின் விலை, மீட்புப் பணம், கைதிகள் பரிமாற்றம் ஆகியவை இரு கரைகளுக்கும் பழகிப்போன வணிகமாக இருந்தன. ஆனால் ஒரே இரவில் ஓர் ஊரின் மக்களில் பெரும் பகுதியை இழப்பது அரிது.

சவோய் அரசு அப்போது பெரும் நெருக்கடியில் இருந்தது. அதே 1798-இன் இறுதியில் பிரெஞ்சுப் படை பீட்மாண்டைக் கைப்பற்ற, அரசரே தலைநகர் துரினை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. மீட்புப் பணம் திரட்டுவது இழுத்துக்கொண்டே போனது. சிறைப்பட்டோர் ஐந்து ஆண்டுகள் தூனிஸில் கழித்தனர். சிலர் அங்கேயே இறந்தனர். குழந்தைகள் அங்கே பிறந்தனர். 1803-இல்தான் பணமும் கைதிகள் பரிமாற்றமும் ஏற்பாடாகி, உயிரோடிருந்தவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பினர்.

அடிமையின் மாதா

சிறைப்பட்டவர்களின் வாழ்வைப் பற்றி ஊர் காத்துவைத்திருக்கும் முதன்மையான நினைவு ஒரு மரச் சுரூபம். 1800 நவம்பர் 15 அன்று நிக்கோலா மொரெத்தோ என்ற இளம் அடிமை, தன் எசமானரின் தோட்டத்தில் கருமையான மரத்தாலான ஒரு பெண் உருவத்தைக் கண்டெடுத்தார் என்பது மரபு. அது ஏதோ ஒரு கப்பலின் முகப்பில் இருந்த சிற்பமாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது. அடிமைகளுக்கு அது கன்னி மரியாவின் உருவம். அவர்கள் அதைச் சுற்றிக் கூடிச் செபித்தனர். அவர்களுடன் இருந்து ஆறுதல் சொன்ன குரு நிக்கொலோ செஞ்ஞி அதைப் பாதுகாத்தார்.

1803-இல் ஊர் திரும்பியபோது மக்கள் சுரூபத்தையும் உடன் கொண்டுவந்தனர். அதற்காக ஊரின் குறுகிய தெரு ஒன்றில் சிறு கோவில் கட்டினர். சுரூபத்தின் பெயர் 'அடிமையின் மாதா'. ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 15 அன்று அதன் திருவிழா நடைபெறுகிறது. கோடையில் வரும் சுற்றுலாப் பயணிகள் எல்லாம் போய்விட்ட மாதம் அது. எனவே புனித பேதுரு விழா வெளியாரும் கூடும் விழாவாக இருக்க, இது ஊரார் தமக்குள் கொண்டாடும் விழாவாக இருந்துவருகிறது. விடுதலை கிடைத்த நாளை விழாவாக்காமல், அடிமைத்தனத்தின் நடுவே நம்பிக்கை கிடைத்த நாளை அவர்கள் விழாவாகக் கொண்டது கவனிக்கத்தக்கது.

திரும்பாத பெண்

எல்லோரும் திரும்பவில்லை. 1798-இல் பிடிக்கப்பட்டவர்களுள் பிரான்செஸ்கா ரோஸ்ஸோ என்ற சிறுமியும் ஒருவர். அவர் தூனிஸ் ஆட்சியாளர் குடும்பத்தின் அரண்மனையில் வளர்ந்து, பின்னர் முஸ்தஃபா பே ஆன இளவரசரை மணந்தார். லல்லா ஜன்னாத்தி என்ற பெயரில் அறியப்பட்ட அவருக்கு 1805-இல் ஒரு மகன் பிறந்தார். அந்த மகனே 1837 முதல் 1855 வரை துனிசியாவை ஆண்ட அகமது பே. 'பே' என்பது தூனிஸ் ஆட்சியாளரின் பட்டம்.

அகமது பே 1841-இல் தூனிஸின் அடிமைச் சந்தையை மூடினார். 1846-இல் அடிமை முறையையே ஒழித்துச் சட்டம் செய்தார். அப்போது துனிசியாவில் இருந்த அடிமைகளில் பெரும்பாலோர் சகாராவுக்குத் தெற்கிலிருந்து கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர். ஐரோப்பிய வல்லரசுகளின் அழுத்தமும், தன் நாட்டை நவீனப்படுத்தும் அவர் விருப்பமும் அச்சட்டத்துக்குப் பின்னணியில் இருந்தன. தாயின் வாழ்க்கை அம்முடிவில் எவ்வளவு பங்கு வகித்தது என்பதை அளந்து சொல்ல இயலாது. ஆனால் அடிமையாகக் கடல் கடந்த ஒரு கார்லோஃபோர்த்தே சிறுமியின் மகன் கையெழுத்தில் அந்த ஆணை பிறந்தது என்பது வரலாறு. துனிசியாவின் அடிமை ஒழிப்பு ஆவணங்கள் 2017-இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன.

மதிலும் துறைமுகமும்

திரும்பி வந்தவர்கள் முதலில் கேட்டது மதில். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் ஊரைச் சுற்றி மதிலும் கொத்தளங்களும் எழுந்தன. அதன் எச்சமாகச் சிங்க வாயில் எனப்படும் நுழைவாயில் இன்றும் உள்ளது. 1815-இல் துனிசியக் கப்பல்கள் மீண்டும் இக்கடலில் தோன்றின. இம்முறை அவை தாக்கியது அண்டைத் தீவான சாந்த்-அந்தியோகோவை. அத்தாக்குதலுக்குப் பின் சில ஆண்டுகளில் ஆள்பிடிக்கும் காலமே முடிவுக்கு வந்தது.

பிறகு நகரத்துக்கு வளம் தந்தது எதிர்க்கரை. சார்தீனியாவின் இக்லேசியெந்தே மலைகளில் ஈயமும் துத்தநாகமும் பெருமளவில் வெட்டியெடுக்கப்பட்டன. அங்கே பெரிய கப்பல்கள் நெருங்கத் துறைமுகம் இல்லை. கார்லோஃபோர்த்தேயின் பாய்மரப் படகுகள் சுரங்கக் கரையில் தாதுவை ஏற்றி வந்து, இங்குள்ள கிடங்குகளில் இறக்கும். பிறகு தொழிலாளர்கள் கூடைகளில் சுமந்து பெருங்கப்பல்களில் ஏற்றுவர். முதுகெலும்பு வளையும் வேலை அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பீட்மாண்டிலிருந்து வந்த ஜுசேப்பே கவல்லேரா என்ற சோசலிச மருத்துவர் படகுத் தொழிலாளர்களைச் சங்கமாகத் திரட்டினார். சார்தீனியாவில் தொழிற்சங்க இயக்கம் வேர்விட்ட இடங்களுள் கார்லோஃபோர்த்தேயும் ஒன்று. கவல்லேரா பின்னர் நகரத் தலைவராகவும் நாடாளுமன்ற உறுப்பினராகவும் ஆனார். நகரின் பழைய அரங்கு அவர் பெயரைத் தாங்குகிறது.

1924-இல் எதிர்க்கரையில் மாசுவா என்ற இடத்தில் மலையைக் குடைந்து போர்த்தோ ஃபிளாவியா என்னும் ஏற்றுமதி நிலையம் அமைக்கப்பட்டது. பாறைச் சுவரின் நடுவிலிருந்து நீளும் பட்டை வழியாகத் தாது நேரே கப்பலுக்குள் விழுந்தது. இடையில் படகும் வேண்டாம், கூடையும் வேண்டாம் என்றானது. சுமைத் தொழிலின் கொடுமையும் அதன் கூலியும் ஒன்றாகவே மறைந்தன.

இக்காலத்தில் நகரம் அறிவியலிலும் ஓர் இடம் பெற்றது. பூமியின் சுழல் அச்சு மிகச் சிறிய அளவில் தள்ளாடுவதை அளக்க, 1899-இல் 39 பாகை 8 நிமிட வட அட்சக்கோட்டில் உலகைச் சுற்றி ஆறு நிலையங்கள் அமைக்கப்பட்டன. ஜப்பானின் மிசுசாவா, மத்திய ஆசியாவின் சார்ஜூய், அமெரிக்காவின் மூன்று இடங்கள் ஆகியவற்றுடன் கார்லோஃபோர்த்தேயின் சான் வித்தோரியோ கோபுரமும் அவற்றுள் ஒன்று. கொள்ளைக் கப்பல்களைக் கண்காணிக்கக் கட்டிய காவற்கோபுரத்தில் வானியலாளர்கள் விண்மீன்களை நோக்கத் தொடங்கினர்.

சூரை வேட்டை

வசந்த காலத்தில் நீலத்துடுப்புச் சூரை மீன்கள் முட்டையிடுவதற்காக அட்லாந்திக்கிலிருந்து மத்தியதரைக் கடலுக்குள் கூட்டமாக வருகின்றன. அவற்றைப் பிடிக்கும் நிலைவலை அமைப்புக்குத் தொன்னாரா என்று பெயர். கரையிலிருந்து கடலுக்குள் நீண்ட வலைச் சுவர் ஒன்று கட்டப்படும். கரையோரம் வரும் மீன்கள் அதில் தடைபட்டு, ஆழத்தை நோக்கித் திரும்பி, வலையால் ஆன அறைகளின் வரிசைக்குள் நுழையும். ஓர் அறையிலிருந்து அடுத்ததற்குச் செல்லச் செல்லத் திரும்பும் வழி அடைபடும். கடைசி அறைக்கு மட்டும் அடியிலும் வலை உண்டு. அதன் பெயர் மரண அறை. மீன் நிறைந்ததும் அறையைச் சுற்றி நிற்கும் படகுகளிலிருந்து மீனவர்கள் அடிவலையை மேலே இழுப்பார்கள். அந்த இறுதிக்கட்டமே மத்தான்சா எனப்படும்.

வலையை எங்கே, எப்போது இறக்குவது, எப்போது இழுப்பது என்பதைத் தீர்மானிப்பவர் ராயிஸ். நீரோட்டம், காற்று, மீனின் போக்கு ஆகியவற்றை அறிந்த அவர் சொல்லுக்கு மறுசொல் இல்லை. தலைவர் எனப் பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது இப்பட்டம். துர்குத் ரெய்ஸின் பெயரில் உள்ளதும் அதே சொல்தான். ஒரு காலத்தில் ஊரை நடுங்கவைத்த கப்பல் தலைவர்களின் பட்டத்தைக் கார்லோஃபோர்த்தே மீனவர்கள் தங்கள் மதிப்புக்குரிய தலைவருக்கே வைத்திருக்கிறார்கள்.

தொழிற்கூடங்களில் மீனின் எந்தப் பகுதியும் வீணாவதில்லை. சதை எண்ணெயில் இடப்படுகிறது. சினைப்பை உப்பிட்டு உலர்த்தப்படுகிறது, இதயமும் கருவாடாகிறது. மத்தியதரைக் கடலின் பெரும்பாலான தொன்னாராக்கள் இருபதாம் நூற்றாண்டில் மூடப்பட்டுவிட்டன. கார்லோஃபோர்த்தேயினுடையது இன்றும் இயங்கும் மிகச் சிலவற்றுள் ஒன்று. மீன்வளம் அழியாமல் காக்க வகுக்கப்பட்ட பன்னாட்டு ஒதுக்கீட்டு வரம்புக்கு உட்பட்டே இப்போது மீன் பிடிக்கப்படுகிறது.

சமையலறையில் இரு கரைகள்

ஊரின் வரலாற்றை அதன் சமையலறையிலும் காணலாம். திருநீற்றுப்பச்சிலையை இடித்துச் செய்யும் பெஸ்தோ, கடலை மாவைக் கரைத்து அடுப்பில் சுடும் ஃபைனோ, எண்ணெய் தோய்ந்த தட்டை ரொட்டி ஆகியவை ஜெனோவாவிலிருந்து வந்தவை. இவற்றுக்குப் பக்கத்தில் கஸ்கா இருக்கிறது. கோதுமை ரவையை நீர் தெளித்துக் கையால் உருட்டி, ஆவியில் வேகவைத்து, காய்கறிகளுடன் சேர்ப்பது. வட ஆப்பிரிக்காவின் கூஸ்கூஸ்தான் இது. தபார்க்காவில் கற்ற சமையல், அடிமைத்தனத்துக்குப் பிறகும் கைவிடப்படவில்லை. இறைச்சி சேர்க்காமல் காய்கறிகளை மட்டும் சேர்ப்பது இவ்வூர்ப் பாங்கு. மாலுமிகள் கப்பலில் உண்ட கடின ரொட்டியை நனைத்து, தக்காளியும் உலர்த்திய சூரையும் கலந்து செய்யும் கப்பூனாத்தா, கடல் வாழ்வின் பங்களிப்பு.

மொழி

தபார்க்காவினர் குடியேறிய இடங்களில் மொழிக்கு நேர்ந்தது ஒன்றுபோல் இல்லை. ஸ்பெயினின் நுவேவா தபார்க்காவில் ஜெனோவிய மொழி மறைந்துவிட்டது. இத்தாலிய மூலத்தைக் காட்டும் குடும்பப் பெயர்கள் மட்டுமே எஞ்சியுள்ளன. கார்லோஃபோர்த்தேயிலும் கலசெத்தாவிலும் அது வாழும் மொழி. கார்லோஃபோர்த்தேயில் பெரும்பான்மையோர் வீட்டிலும் தெருவிலும் கடையிலும் தபார்க்கினோ பேசுகின்றனர்; இளையோரும் பேசுகின்றனர். ஜெனோவா நகரிலேயே அம்மொழி பேசுவோர் அருகிவரும்போது, அதன் தொலைதூரக் கிளை தீவில் தழைத்திருக்கிறது. இதை விரிவாக ஆராய்ந்தவர் மொழியியலாளர் ஃபியொரென்சோ தோசோ.

எனினும் சட்டத்தின் பார்வையில் அதன் நிலை சிக்கலானது. சார்தீனிய மாநிலம் 1997-இல் இயற்றிய பண்பாடு, மொழிச் சட்டம் தபார்க்கினோவை ஏற்கிறது. 1999-இல் இத்தாலிய நாடாளுமன்றம் இயற்றிய மொழிச் சிறுபான்மையினர் சட்டமோ பன்னிரண்டு சமூகங்களைப் பட்டியலிட்டு, தபார்க்கினோவை விட்டுவிட்டது. லிகூரியம் இத்தாலியின் வட்டார வழக்குகளுள் ஒன்றாகக் கருதப்பட்டதால், தாய்நிலத்திலிருந்து பிரிந்து வேறு மொழி பேசும் தீவில் வாழும் அதன் கிளையும் சிறுபான்மை மொழியாகக் கொள்ளப்படவில்லை. அதனால் சார்தீனியாவில் பேசப்படும் சார்தீனியம், அல்கேரோ நகரின் கத்தலான் ஆகியவற்றுக்குக் கிடைக்கும் தேசியப் பாதுகாப்பு இதற்கு இல்லை. மொழியைக் காப்பது பெரிதும் வீடுகளின் பொறுப்பாகவே இருக்கிறது.

இன்று

இன்றைய கார்லோஃபோர்த்தே சுற்றுலாவையும் மீன்பிடியையும் கடற்பணியையும் சார்ந்த அமைதியான நகரம். இத்தாலியின் அழகிய சிற்றூர்களின் பட்டியலில் அது இடம்பெற்றுள்ளது. வசந்த இறுதியில் நடக்கும் ஜிரோதொன்னோ என்ற சூரை மீன் விழாவுக்குப் பல நாட்டுச் சமையற்காரர்கள் வருகின்றனர். வெளியூர்ச் சந்தையின் தேவை ஏறஏற வீட்டு விலையும் மாறுகிறது. இளைஞர்கள் படிப்புக்கும் வேலைக்கும் தீவை விட்டுச் செல்கின்றனர். இவை எந்தச் சிறு தீவுக்கும் பொதுவான இடர்கள்.

தபார்க்காவில் இன்று நிற்பது ஜெனோவியர் கட்டிய கோட்டை மட்டுமே. அந்தத் தீவும் இப்போது கரையுடன் பாதையால் இணைக்கப்பட்டுவிட்டது. அங்கே இருநூறு ஆண்டுகள் வாழ்ந்தவர்கள் கல்லில் விட்டுச்சென்றது அவ்வளவே. கையோடு கொண்டுவந்தவை பேச்சும் சமையலும். பின்னர் அடிமைத்தனத்திலிருந்து கொண்டுவந்தது ஒரு மரச் சுரூபம். அவற்றைக் கொண்டு வேறொரு தீவில் அவர்கள் கட்டிய இடத்தை இன்னும் 'ஊர்' என்றே அழைக்கிறார்கள்.